முதல்ல போறவர்

கயித்தை அவுத்துடாதீங்க தம்பி. தண்ணி இன்னும் ஏறலை. இப்பத் தள்ளினீங்கன்னா அந்தக் கூர்ப்பாறை படகுல இழுத்துத் தைச்ச மாட்டுத் தோலைக் கிழிச்சுடும். நீங்க பாட்டுக்குக் கொழுப்பைத் தடவுங்க. தையல் ஓரமா நல்லா அழுத்தித் தடவுங்க, அங்கதான் தண்ணி கசியும். நான் இப்படி உக்காந்துக்கறேன். என்னை நிமிர்ந்து பாக்க வேண்டாம். படகைப் பாத்தே பேசுங்க. மேல, சிலுவைக் கல்லுக்குப் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாரே, தெரியுதா? தலையைத் திருப்பாதீங்க, கண்ணை மட்டும் தூக்குங்க. ஆங். அவருதான் கோர்மாக். எங்க மடத்துக் கல்தச்சர். என்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நான் எங்க போனாலும் அவரு நிப்பாரு.

என் பேர் லோர்கான். படகை ஆசீர்வதிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டு இறங்கி வந்தேன். ஒருத்தரும் தடுக்கலை. "போயிட்டு வாங்க"ன்னு வழி விட்டாங்க. அதுதான் எனக்குச் சரியாப் படலை. தடுத்திருந்தாகூடப் பரவாயில்லை. நீங்க அவங்க ஆள் இல்லையே? இல்லை, பாத்தா அப்படித் தெரியலை. காத்துல காய்ஞ்ச முகம் உங்களுக்கு. இந்த மாதிரி முகத்துக்குப் பொய் சொல்ல நேரம் இருக்காது.

நேரா விஷயத்துக்கு வர்றேன். உப்பு, பார்லி எல்லாம் இறக்கியாச்சு. படகு காலிதானே? என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. கரை வரைக்கும் போதும். அதுக்கப்புறம் என் பாடு. நான் ஒண்ணும் கனம் இல்லை, பார்லி மூட்டையில பாதிகூடத் தேற மாட்டேன். வழியில பேச மாட்டேன். வாந்தி எடுத்தா வெளியில எடுப்பேன்.

இவங்க என்னைக் கொல்லப்போறாங்க தம்பி.

சிரிக்காதீங்க. சாமியாருங்க எங்கயாவது கொலை பண்ணுவாங்களான்னு கேக்கறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. ஆனா முழுக்கக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் பக்தியில வந்தவன் இல்லை. எனக்கு மாடு இருந்துச்சு. நல்ல மாடுங்க. கோமாரி வந்து அத்தனையும் படுத்துருச்சு. மாடு போனா நம்ம நாட்டுல மனுஷனுக்கு என்ன மரியாதை? அப்போ பெரிய சாமி ஃபெர்கில், இவருதான் இப்போ மடத்துக்குத் தலைவர், புதுசாத் தீவுல மடம் கட்டப் போறேன், ஆள் வேணும்னு ஊர் ஊரா வந்தாரு. "சமைக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாரு. "தெரியும்"னேன். சோத்துக்குத்தான் வந்தேன். அவருக்கும் அது தெரியும். கடலைக் கண்டாலே எனக்கு நடுக்கம். வர்றப்போ படகுல கண்ணை மூடிக்கிட்டு வந்தேன். அதைப் பாத்துட்டு, "பாருங்க, லோர்கான் எப்படி ஜெபம் பண்றாரு"ன்னு யாரோ சொன்னாங்க. அன்னைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

பன்னெண்டு பேர் வந்தோம். மலையேறிக் கல்லை அடுக்கி, தேன்கூடு மாதிரிக் குடிசை கட்டினோம். இந்தப் பாறையில மண்ணே கிடையாது. கடல்பாசியையும் மணலையும் முதுகுல சுமந்து ஏத்தி மண்ணு பண்ணினோம். அதுல வெங்காயத் தாள் முளைச்சப்போ ஃபெர்கில் சாமி குழந்தை மாதிரிக் குதிச்சாரு. நல்லாத்தான் இருந்தோம் தம்பி. நான் சமைப்பேன். திட்டுவாங்க. நானும் திருப்பித் திட்டுவேன். கோர்மாக்குக்கு என் கஞ்சி பிடிக்காது. "கல்லை வேகவச்சாகூட இதைவிட ருசியா இருக்கும்"பாரு. அப்படி ஒரு காலம்.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சுதுன்னா, இந்தத் தீவுல இதுவரைக்கும் ஒருத்தரும் சாகலை.

நல்ல விஷயம்தானேன்னு நினைப்பீங்க. மடத்துக்காரங்களுக்கு அது நல்ல விஷயம் இல்லை. அயர்லாந்துக் கரையோரம் எத்தனை தீவு, எத்தனை மடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு புனிதர் கல்லறை இருக்கும். அவரு அங்க படுத்திருக்கறதாலதான் அது மடம். இல்லைன்னா அது வெறும் பாறை, மேல நாலு பேர் பாட்டுப் பாடறாங்க, அவ்வளவுதான். பக்கத்துல கடல்நாய்த் தீவைப் பாருங்க. மூணு புனிதர் படுத்திருக்காங்க அங்க. ஜனங்க படகு படகாப் போறாங்க. ராஜா வீட்டுல இருந்து மாடு வருது. எங்ககிட்ட யார் வர்றா? நீங்க வர்றீங்க, உப்போட.

போன அறுவடை முடிஞ்ச சமயம். நல்ல காத்து அடிச்சு, ஜெபக் கோவில் கூரை பறந்துடுச்சு. இது மூணாவது தடவை. சாப்பிட உக்காந்தோம். ஃபெர்கில் சாமி ரொட்டியைப் பிட்டுக் கையில வச்சுக்கிட்டே சொன்னாரு: "இந்தத் தீவு நம்மை இன்னும் ஏத்துக்கலை. நம்மள்ல ஒருத்தர் மண்ணுக்குள்ள போனாத்தான் இந்த மடம் வேர் பிடிக்கும். முதல்ல போறவர் பேர்லதான் இந்த இடம் காலத்துக்கும் விளங்கும்."

எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்பப் பாத்து நான் இருமினேன்.

சாதாரண இருமல் தம்பி! சமையல்காரனுக்கு இருமல் வராம வேற யாருக்கு வரும்? விறகு இல்லாம நாங்க எரிக்கறது, கரையில இருந்து வர்ற, புல் மக்கிக் காய்ஞ்ச சேத்துக்கட்டி. அந்தப் புகையை நாள் முழுக்கக் குடிச்சா யாருக்கும் வரும். ஆனா இருமி நிமிர்ந்து பாக்கறேன், அத்தனை கண்ணும் என் மேல. ஃபெர்கில் சாமி கண்ணு, கோர்மாக் கண்ணு, இன்னொரு சாமியாரு ஏனான் கண்ணு. கோர்மாக் எழுந்து வந்து தன் கஞ்சியை எனக்கு ஊத்தினாரு. என் கஞ்சியைக் கல்லுன்னு சொன்ன மனுஷன்!

அடுத்த நாள் காலையில கரண்டியை வாங்கிட்டாங்க. "இத்தனை நாள் நீங்க எங்களுக்குச் சமைச்சீங்க. இனிமே ஓய்வா இருங்க"ன்னாங்க. இனிமே கோர்மாக் சமைப்பாராம். முட்டை எனக்கு. மீன்ல நடுத்துண்டு எனக்கு. அடுப்புக்குப் பக்கத்து இடம் எனக்கு. மாடு மேய்ச்சவன் நான், எனக்கா தெரியாது? வெட்டப்போற ஆட்டுக்குத்தான் தழை அதிகம் விழும்.

அப்புறம் கோர்மாக் ஒரு கயித்தை எடுத்துக்கிட்டு வந்தாரு. தலையில இருந்து கால் வரைக்கும் அளந்தாரு. "எதுக்கு?"ன்னு கேட்டேன். "குளிருக்குப் புது அங்கி தைக்க"ன்னாரு. சரிதான்னு நினைச்சேன். அங்கியும் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இதோ, நான் போட்டிருக்கறதுதான். ஆனா ஒரு நாள் அவரோட கொட்டகைப் பக்கம் போனேன். ஒரு கல்லைப் படுக்கப் போட்டுச் செதுக்கியிருக்கு. சிலுவை போட்டிருக்கு. கொடி கொடியா அலங்காரம். நடுவுல பேருக்கு இடம் விட்டு வழவழன்னு தேய்ச்சிருக்கு. யாரும் இல்லாத நேரமாப் பாத்து அந்தக் கல்லுப் பக்கத்துல படுத்துப் பாத்தேன் தம்பி. என் உயரம். சரியா என் உயரம். எங்க மடத்துல நான்தான் குள்ளம். கோர்மாக் படுத்தா அந்தக் கல்லு அவருக்கு முழங்கால் வரைக்கும்தான் வரும்.

இன்னொண்ணு சொல்றேன். வெங்காயப் பாத்தி சொன்னேனே, நாங்க முதுகுல சுமந்து பண்ணின மண்ணு. தீவுலயே ஆழமான மண்ணு அதுதான். அதைத் தோண்டிட்டாங்க. இருந்த தாளையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுத் தோண்டிட்டாங்க. ஃபெர்கில் சாமிக்கு அந்த வெங்காயம்னா உயிரு. அதையே பிடுங்கிட்டாருன்னா எவ்வளவு துணிஞ்சிருப்பாரு, யோசிச்சுப் பாருங்க.

இருங்க... கொஞ்சம் இருங்க. ம். ஒண்ணும் இல்லை. புகைதான். எங்கயோ தங்கியிருக்கு.

அதுல இருந்து நான் அவங்க கையால சாப்பிடறதை விட்டுட்டேன். கோர்மாக் கொடுக்கற கஞ்சியில என்ன இருக்கோ யாருக்குத் தெரியும்? முட்டையைக்கூட வேண்டாம்னுட்டேன். கடலோரம் போயி, பாறையில ஒட்டியிருக்கற சிப்பியைச் சுரண்டித் தின்னுவேன். செம்பாசி இருக்கே, அதைப் பச்சையா மெல்லுவேன். அவ்வளவுதான் சாப்பாடு, குளிர்காலம் முழுக்க. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "லோர்கான் கடும் உபவாசம் இருக்காரு." எல்லாரும் எனக்குப் போட்டியாப் பாதிக் கஞ்சி குடிக்க ஆரம்பிச்சாங்க.

ராத்திரி படுக்க மாட்டேன். சுவத்துல முதுகைச் சாச்சு, வாசலைப் பாத்து உக்காந்திருப்பேன். யாராவது வந்தாத் தெரியணும்ல? "லோர்கான் கண் மூடாம ஜெபம் பண்றாரு."

விடிஞ்சதும் தண்ணிக்குள்ள இறங்குவேன். அதோ, அந்த முனைக்கு அந்தப் பக்கம் நெஞ்சளவு தண்ணியில போய் நின்னாத்தான் கரைப்பக்கத்துல இருந்து படகு வருதான்னு தெரியும். மேல இருந்து பாத்தாப் பாறை மறைக்கும். ஒரு படகு வந்தாப் போதும், கும்பிட்டுக் கூப்பிட்டுடலாம்னு தினமும் நிப்பேன். குளிரு எலும்பைக் கடிக்கும். எனக்கோ தண்ணின்னாலே பயம். அலை வந்து இடிக்கறப்போ, செத்தேன்னு நினைச்சு, வேதத்துல தெரிஞ்ச சங்கீதத்தையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லுவேன். பயத்துல வாய் தானாச் சொல்லும் தம்பி. அந்தக் காலத்துப் புனிதர்கள் இப்படித்தான் கடல்ல நின்னு சங்கீதம் பாடுவாங்களாம். எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பிப் பாக்கறேன், கரையில எல்லாரும் மண்டி போட்டுக்கிட்டு என்கூடச் சேந்து பாடறாங்க. ஃபெர்கில் சாமி இந்த வயசுல அங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு என் பக்கத்துலயே வந்து நின்னுட்டாரு. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது அவருக்கு. போக மாட்டேங்கறாரு. நான் எங்க நீந்தித் தப்பிச்சுடுவேனோன்னு காவல்!

கரையேறினதும் கோர்மாக் என்னைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. நடக்கறேன்னாலும் கேக்க மாட்டாரு. தினமும் தூக்கிப் பாத்து, எவ்வளவு இளைச்சிருக்கேன்னு கணக்கு வைக்கறாரு. தூக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாரு தெரியுமா? தன் கையில ஒரு சுத்தமான துணியைச் சுத்திக்குவாரு. பூசைப் பாத்திரத்தைத் தூக்கறப்போ அப்படித்தான் வெறுங்கையால தொட மாட்டாங்க. என்னையும் அப்படித்தான். இப்போ மடத்துல எல்லாருமே அப்படித்தான். அங்கி ஓரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. நான் உக்காந்த கல்லைத் தொடறாங்க. ஏனான் எங்க மடத்து வழக்கப்படி எனக்கு முன்தலை மழிச்சுவிட்டு, அந்த முடியைக் கீழ போடாம ஒரு தோல் பையில போட்டு வச்சுக்கிட்டாரு. நகத்தைக்கூட. செத்துப்போன புனிதர்களோடதைத்தான் அப்படித் திருப்பண்டம்னு எடுத்து வைப்பாங்க. நான் உயிரோட உக்காந்திருக்கேன், எதிர்ல! முன்னாடியெல்லாம் கோர்மாக் என் தோள்ல கையைப் போட்டு இழுத்து, "ஏய் குள்ளா"ம்பாரு. என் கையை ஒருத்தர் வெறுங்கையால பிடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? யாரும் பிடிக்கறது இல்லை தம்பி.

ஆனா மத்தவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? தவளை தன் வாயால கெட்ட கதைதான் என் கதை. எங்க மடத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆத்மத் தோழர் உண்டு. மனசுல இருக்கறதை அவருகிட்ட ஒளிக்காமச் சொல்லணும். எனக்கு ஏனான். நல்ல மனுஷன்னு நம்பினேன். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னாடி, மனசு தாங்காம அவருகிட்டச் சொல்லிட்டேன். "ஏனான், எனக்குச் சாவு பயமா இருக்கு. இந்தக் குளிர்காலத்தை நான் தாண்ட மாட்டேன். எனக்குத் தெரியும்."

கொல்லப்போறீங்கடா, எனக்குத் தெரிஞ்சு போச்சுடான்னு அர்த்தத்துல சொன்னேன். அவரு என்ன பண்ணினாரு? அப்படியே என் கால்ல விழுந்துட்டாரு. அழறாரு. என் பாதத்துக்கு முத்தம் கொடுக்கறாரு. தன் போர்வையை எடுத்து என் மேல போத்திட்டு வெளியில ஓடினாரு. அவ்வளவுதான். நான் என் சாவு வர்ற காலத்தை முன்கூட்டியே அறிஞ்சு சொல்லிட்டேன்னு மடம் முழுக்கப் பரவிடுச்சு. புனிதர்களுக்குத்தான் அது தெரியுமாம். ஆண்டவர் அவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவாராம்.

இப்போ புரியுதா தம்பி, நான் எப்படி மாட்டினேன்னு? அதுவரைக்கும் அவங்களா ஆசைப்பட்டாங்க. இப்போ நானே வாக்குச் சொல்லியாச்சு. புனிதர் வாக்கு பொய்க்கலாமா? பொய்ச்சா மடத்துக்கு மானம் போச்சு. கடல்நாய்த் தீவுக்காரன் சிரிப்பான்.

நான் ஓடப் பாக்கலைன்னு நினைக்காதீங்க. ஃபெர்கில் சாமிகிட்ட நேராவே போய்க் கேட்டேன். "சாமி, என்னைக் கரையில விட்டுடுங்க. என் ஊர்ப்பக்கம் போய்ச் சேந்துடறேன்." அவரு முகம் வெளுத்துப் போச்சு. மறுநாள் காலையில குடிசையை விட்டு வெளிய வரப் பாக்கறேன், என் வாசல்ல அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. பட்டினி! என் வாசல்ல பட்டினி கிடக்கறாங்க! நம்ம வழக்கம் உங்களுக்குச் சொல்லணுமா? ஒருத்தன் வாசல்ல ஒருத்தன் பட்டினி கிடந்தா, உள்ள இருக்கறவன் கேட்டதைக் கொடுக்கணும். கொடுக்காம ஒரு வாய் சாப்பிட்டான்னா ஏழு தலைமுறைக்கும் பழி. ராஜாவே அதுக்கு இறங்கி வருவாரு, நான் யாரு? காத்துல, தூறல்ல உக்காந்திருக்காங்க. ஃபெர்கில் சாமி சொன்னாரு: "லோர்கான், நீங்க எங்களுக்கு வேணும். எங்களை விட்டுட்டு வேற மண்ணுல போய்ப் படுத்துடாதீங்க. நாங்க உங்க பக்கத்துலயே இருப்போம், கடைசி வரைக்கும்." சொல்லிட்டு அழுதாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!

சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். அந்த வயசான மனுஷன் ஒரு பக்கமாச் சாஞ்சாரு. சரி, போக மாட்டேன்னு சொல்லிட்டேன். பயத்துல கொடுத்த வாக்கு வாக்கா? நீங்களே சொல்லுங்க. இல்லைதானே? அதெல்லாம் வாக்குல சேராது. உங்களுக்கு அதனால எந்தப் பழியும் வராது, நான் சொல்றேன்.

கத்தியைக் கீழ வைங்களேன் தம்பி. தோலு வெட்டத்தான்னு தெரியும். இருந்தாலும் என் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. ஆங், அப்படி வைங்க.

இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா? நாளைக்கு பிரிஜித்தம்மா திருநாள். நம்ம கணக்குல நாளையில இருந்து வசந்தம். குளிர்காலம் இன்னையோட முடியுது. எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அவங்களுக்கும் இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. காலையில எல்லாருமா வந்து என்னைக் கும்பிட்டாங்க. ஒவ்வொருத்தரா. மன்னிப்புக் கேட்டாங்க. எதுக்கு மன்னிப்பு? செய்யப் போறதுக்குத்தானே? கோர்மாக் கிட்ட வந்தாரு, அப்படியே திரும்பிப் போயிட்டாரு.

நீங்க என்னென்ன கொண்டு வந்தீங்க? உப்பு. பார்லி. மெழுகுவத்தி. இத்தனை மெழுகுவத்தி எதுக்குன்னு கேட்டீங்களா? கேக்கலை. அப்புறம் அந்த வெள்ளைத் துணி, நல்ல மெல்லிய நார்த் துணி, மடிச்சு ஈரம் படாம நெஞ்சுல அணைச்சுக்கிட்டு இறங்கினீங்களே. அது என்னன்னு நினைச்சீங்க? பீடத்துக்குப் போடற துணின்னா? அது எனக்குத் தம்பி. நான் பாத்தேன், கோர்மாக் அதைப் பிரிச்சு, அதே கயித்தை வச்சு அளந்தாரு.

தலையைக் குனியாதீங்க. உங்க மேல தப்பில்லை. கொண்டு வரச் சொன்னாங்க, கொண்டு வந்தீங்க. துணி கொண்டு வந்த படகுலயே நான் திரும்பிப் போயிடறேன், அவ்வளவுதான் கேக்கறேன்.

வீட்டுல யார் இருக்கா உங்களுக்கு? மனைவி மட்டும்தானா? பிள்ளைங்க? ... ஓ. தங்கலையா. மூணுமேவா. அடடா. இப்போ மறுபடியும் முழுகாம இருக்காங்களா? பாவம் அந்தப் பொண்ணு. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க. பாலும் வெண்ணெயும் கொடுங்க. கனமாத் தூக்க விடாதீங்க. கோமாரி வர்றதுக்கு முன்னாடி என் சினைப் பசுங்களுக்கு நான் அப்படித்தான் பாத்தேன், ஒரு கன்னுகூட வீணாகலை. இதுல வேற ரகசியம் எல்லாம் இல்லை. உங்க வீட்டுல ஒரு மூலை கொடுத்தீங்கன்னா நானே வந்து அவங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தருவேன். என் கஞ்சி அவ்வளவு மோசமில்லை, கோர்மாக் பேச்சைக் கேக்காதீங்க.

தண்ணி ஏறிடுச்சு பாருங்க. படகு ஆடுது. வாங்க, கையைக் கொடுங்க, எழுந்துக்கறேன். கால் கொஞ்சம் மரத்துப் போச்சு... இருங்க. இருங்க. இந்த இருமல் ஒண்ணு, நேரம் காலம் தெரியாம...

ம். முடிஞ்சுடுச்சு.

என்ன பாக்கறீங்க? கையா? அது ரத்தம் இல்லை. செம்பாசி தம்பி, சொன்னேனே, குளிர்காலம் முழுக்க அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். அதோட சாயம். துப்பினா சிவப்பாத்தான் வரும். ரெண்டு வாரமா இப்படித்தான் வருது, இதுக்கெல்லாம் பயப்படக் கூடாது. இன்னைக்குப் பாசி தின்னலையான்னா கேக்கறீங்க? தின்னலை. நேத்தும் இல்லை. முழுங்க முடியலை. அதனால என்ன? சாயம்தானே, தங்கியிருக்கும்.

ஏன் தம்பி இப்படிப் பாக்கறீங்க?

மணி அடிக்குது, கேக்குதா? ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருக்கே. இது வேற மணி. அங்க பாருங்க, எல்லாரும் வரிசையா இறங்கறாங்க. மெழுகுவத்தியை ஏத்திக்கிட்டு வர்றாங்க, பட்டப்பகல்ல. சீக்கிரம் தம்பி, என்னைத் தூக்கி உள்ள வைங்க, என்னால காலை மடக்க முடியலை. அந்தக் கயித்தை அவுத்து விடுங்க. அவுத்து விடுங்க தம்பி! அவுக்கச் சொன்னா ஏன் இன்னொரு முடிச்சுப் போடறீங்க?

எந்திரிங்க. ஐயோ, மண்டி போடாதீங்க. நீங்க படகுக்காரர், எனக்கு நீங்க படகு ஓட்டினாப் போதும். கத்தி எதுக்கு? கத்தி எதுக்கு தம்பி... ஓ. அங்கியா? அங்கி ஓரத்தையா அறுக்கறீங்க?

உங்க வீட்டுக்காரம்மாவுக்கா.

அறுத்துக்கங்க. இன்னும் கொஞ்சம் பெருசாவே அறுத்துக்கங்க, அது இடுப்புல கட்டப் பத்தாது. அந்தப் பொண்ணு பேர் என்ன? கொர்ராவா? நல்ல பேர். பாலும் வெண்ணெயும் மறந்துடாதீங்க. துணியை மட்டும் நம்பி இருந்துடாதீங்க.

நீங்களுமா தம்பி. இவ்வளவு நேரம் எல்லாத்தையும் கேட்டுட்டு, நீங்களுமா.

கிட்ட வந்துட்டாங்க. முன்னாடி ஃபெர்கில் சாமி. பின்னாடி ஏனான், போர்வை இல்லாம, அந்தப் போர்வை இன்னும் என்கிட்டதான் இருக்கு. கோர்மாக் அந்த வெள்ளைத் துணியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வர்றாரு. அழுதுக்கிட்டே வர்றாரு. மூக்கெல்லாம் சிவந்து போய், சின்னப்பிள்ளை மாதிரி. கொல்ல வர்றவன் இப்படியா அழுவான்? தெரியலை. எனக்கு இப்போ எதுவும் தெரியலை தம்பி. நெஞ்சுக்குள்ள என்னமோ இறங்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் உக்காந்துக்கறேன். படகுல வேண்டாம், இந்தக் கல்லு மேலயே உக்காந்துக்கறேன்.

என் கையைப் பிடிங்க. அட, துடைக்க வேண்டாம், கொழுப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. துணி சுத்தாதீங்க! துணி வேண்டாம். அவங்க வந்து சேர்றதுக்குள்ள, வெறுங்கையால, சும்மா மனுஷன் மனுஷனைப் பிடிக்கற மாதிரி பிடிங்க. இறுக்கிப் பிடிங்க. எனக்குப் பயமா இருக்கு தம்பி.